சமையலறை வரை ஒரு நீலக் கோடு

"ரெண்டே வாரம். சம்பளமில்லாம எங்க ஆஸ்பத்திரியில ஒத்தாசை பண்ணிப் பாரு. டாக்டராகணும்னு ஆசை தானா வந்துரும்" என்று சொல்லியிருந்தார், அங்கே பெரிய டாக்டரான அப்பா.

"வரலைன்னா?"

"அதெப்படி வராமப் போகும்?"

'எனக்கு அந்தப் படிப்பே வேணாம்ப்பா' என்ற ஒரு வரியை, பள்ளியை முடித்திருந்த மகள் அன்றைக்குச் சொல்லாமலே விட்டுவிட்டாள்.

விசாரணை மேஜையில் உட்கார வைத்தார்கள். மூன்று பழைய கட்டடங்களை ஒட்டுப்போட்ட ஆஸ்பத்திரி அது. எக்ஸ்ரேவுக்கு அவள் அனுப்பிய பெரியவர், சலவை அறையில் ஒரு மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்தார்.

பதறிப்போய் அம்புக்குறிகள் வரைந்து ஒட்டினாள். ஒட்டியது கதவுகளில். கதவு திறந்தால் அம்பும் திரும்பும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் சலவை அறையில் பதினோரு பேர்.

"இங்க என்ன கல்யாணமா நடக்குது?" என்றார் சலவைக்காரர்.

மறுநாள், ரத்தப் பரிசோதனை அறைக்கு வழிகாட்டத் தரையில் நீல நாடா ஒட்டினாள். அது சமையலறை வாசலோடு தீர்ந்துபோனது. வாங்கி வருவதற்குள், வெறும் வயிற்றோடு வந்தவர்கள் அந்தக் கோட்டைப் பிடித்துப் போய் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஐயோ பாவம், முகமெல்லாம் வாடியிருக்கே என்று சமையல்காரம்மா ஆளுக்கொரு கிண்ணம் சூப் கொடுத்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரின்னா இப்படி இருக்கணும்" என்று வாயைத் துடைத்துக்கொண்டார் ஒருவர்.

ரத்தம் எடுப்பவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒன்பது பேருக்கும், "நாளைக்கு வாங்க."

அழுகை முட்டியது. ஆனாலும் பெண் ஓடிவிடவில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஒட்டுவதை நிறுத்திவிட்டு, நோயாளிகளின் பின்னாலேயே நடந்தாள். எந்தத் திருப்பத்தில் தயங்குகிறார்கள், எங்கே அண்ணாந்து பார்க்கிறார்கள், யாரிடம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். அப்புறம்தான் நாடாவைத் தொட்டாள். பத்தாம் நாள், எழுத்தறியாத ஒரு அம்மா, யாரையும் கேட்காமல் எக்ஸ்ரே அறைக்குப் போய்ச் சேர்ந்தாள். சலவைக்காரர்கூட, "பேச்சுத்துணைக்கு ஆளில்லாமப் போச்சே" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

கடைசி நாள் அப்பா வந்தார். வழக்கம்போலத் தலைமை நர்ஸ் முன்னே, அவர் இரண்டடி பின்னே. அந்த நடையின் கம்பீரத்துக்கே ஆஸ்பத்திரி எழுந்து நிற்கும்.

"அப்பா, எனக்கு டாக்டர் படிப்பு வேணாம். ஜனங்க தொலைஞ்சு போகாம வழி வரையறதுக்குன்னே ஒரு படிப்பு இருக்காம். அதைப் படிக்கறேன்."

அப்பா தரையிலிருந்த கோடுகளையே பார்த்தார்.

"இப்பவாவது கேளுங்க சார். இல்ல, நானே கேட்டுரட்டுமா?" என்றார் நர்ஸ்.

அப்பா இருபுறமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"தாராளமா படிம்மா. அதுக்கு முன்னாடி ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு கோடு போட்டுக் குடு. பதினாறு வருஷமா இவங்க பின்னாடியேதான் போய்ச் சேர்றேன். அடுத்த மாசம் இவங்க ரிடயர் ஆகறாங்க."