பியாட்ரிஸ் கைப்பக்குவம்

தட்டில் கருகருவென்று ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது. நடுவில் குழி, குழி நிறைய நல்லெண்ணெய். மதலைமுத்து அதை ஒரு தரம் பார்த்தார், மருமகளை ஒரு தரம் பார்த்தார்.

"கேட்டீங்கள்லா மாமா, களி," என்றாள் லீனா.

கேட்டது வாஸ்தவம்தான். களி சாப்பிட்டு ரெண்டு வருஷமாச்சு என்று முந்தின நாள் வாய் தவறிப் பெருமூச்சு விட்டிருந்தார். மனைவி பியாட்ரிஸ் போய்ச் சேர்ந்தும் அத்தனை காலம்தான். பெங்களூர் ஜீவனஹள்ளியில் அந்த வீட்டுக்குச் சனிக்கிழமை என்றால் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். களி என்றாலே கேழ்வரகுதான் என்று அறுபது வயது வரைக்கும் நம்பி வாழ்ந்துவிட்ட மனிதர். லீனா பாளையங்கோட்டைப் பெண். அவள் ஊரில் களி என்றால் உளுந்தும் கருப்பட்டியும். கல்யாணமாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண், ஆபீஸ் லீவு நாளில் தூக்கத்தை விட்டுக் கிண்டி வைத்திருக்கிறாள். எப்படி வேண்டாம் என்பது?

கேழ்வரகுக் களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் இதையும் விழுங்கி வைத்தார். "அருமையா கீதும்மா," என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் வினையாகிப் போனது. அடுத்த சனிக்கிழமையும் உளுந்தங்களி வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது, மாமாவுக்குப் பிடிக்குமே என்று கருப்பட்டி கொஞ்சம் கூடுதலாக. ரத்தச் சர்க்கரையைப் பார்த்த டாக்டர் வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார். வேறு வழியில்லாமல் மகன் டேரிலைக் கூப்பிட்டு, மனசு நோகாமல் அவளிடம் சொல்லிவிடு என்று கெஞ்சினார். டேரில் நேரே அடுக்களைக்குப் போனான். "டாடிக்கு உன் களி பிடிக்கலியாம், மம்மி செஞ்ச மாதிரிதான் வேணுமாம்," என்று சொல்லிவிட்டு வந்து மேட்ச் பார்க்க உட்கார்ந்தான்.

லீனா அழவில்லை. அழுதிருந்தால் சமாதானமாவது சொல்லியிருக்கலாம். அவள் கடைக்குப் போய் ராகி மாவு வாங்கிவந்து, செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, அடுப்பைப் பற்றவைத்தாள். ஆணியில் தொங்கிய பியாட்ரிஸின் களித் துடுப்பை எடுத்தவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன மாமா, துடுப்பு புத்தம் புதுசா இருக்கு?"

"உங்க அத்தை அவ்ளோ சுத்தம்மா," என்றார் பெருமையாக.

உதவி செய்கிறேன் பேர்வழி என்று அடுக்களை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு யோசனையும் சொன்னார். பியாட்ரிஸ் களி கிண்டி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. சனிக்கிழமை காலையில் அல்சூர் மார்க்கெட்டுக்குப் போய் வந்ததும் அவள் அடுக்களைக் கதவைச் சாத்திவிடுவாள், களிக்குக் காற்றுப் படக்கூடாதாம். உள்ளேயிருந்து டொக் டொக்கென்று சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டுதான் இவர் வாத்தியார் வேலை பார்த்தார். "இன்னும் பலமா கேக்கணும்மா."

பலமாகத்தான் கேட்டது. களி கட்டி தட்டி, உருட்டினால் கிரிக்கெட் பந்தாக நின்றது. விழுங்கத் தெரியாத டேரில் ஒரு வாய் மென்றான். கடைவாய்ப் பல்லில் போட்டிருந்த கேப் களியோடு கழன்று வந்தது. பேசாமல் ஜெயிலுக்குப் போய்விடுங்கள், அங்கே இதைவிட நல்ல களி போடுவார்கள் என்றான் அப்பாவிடம்.

மதலைமுத்து சும்மா இருந்திருக்கலாம். "பியாட்ரிஸ் கைப்பக்குவம் எல்லாருக்கும் வந்துடுமா," என்று சொல்லித் தொலைத்தார்.

லீனா தட்டை அப்படியே வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் வரை அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது வெறும் களி இல்லை. பியாட்ரிஸின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்தது. அந்த ருசியும் நாக்கை விட்டுப் போய்விட்டால் அவள் இன்னொரு தரம் செத்த மாதிரி என்று பயந்தார். அதற்காக, வந்த பெண்ணை நோகடிப்பதா? கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டார். இனி இந்த வீட்டில் களிப் பேச்சே கிடையாது என்றும் சொன்னார்.

ஆனால் அடுத்த சனிக்கிழமை லீனா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கையில் பியாட்ரிஸின் பழைய எவர்சில்வர் தூக்கு, மூடியில் பெயர் வெட்டியது. அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மெஸ்ஸில் களி நன்றாக இருக்கும் என்று ஆபீசில் சொன்னார்களாம். சாப்பிட்டுவிட்டு, டேரிலுக்கும் வாங்கிக்கொண்டு, அப்படியே பக்குவத்தையும் கேட்டு வரலாமாம்.

மதலைமுத்து வெளிச்சாப்பாடு தொடாதவர். ஓட்டல் பண்டம் இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே பியாட்ரிஸிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இப்போது மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

மெஸ் வாசலில், களிக்குக் கன்னடத்தில் சொல்லும் முத்தே என்ற பேரை எழுதியிருந்தது. நடத்துகிறவள் பாஞ்சாலி என்ற தமிழ்ப் பெண்மணி. களி உருண்டையும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. மதலைமுத்து ஒரு விள்ளல் கிள்ளி, குழம்பில் புரட்டி, விழுங்கினார். அப்புறம் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"என்ன மாமா, காரமா?"

இல்லை என்று தலையாட்டினார். ஆனாலும் செத்துப்போனவளை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "கிட்டத்தட்ட வருது," என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இருந்தாலும் கடை கடைதான். உங்க அத்தை கை வேறம்மா."

லீனா பார்சலுக்குத் தூக்கை நீட்டினாள். வாங்கிக்கொண்ட பாஞ்சாலி மூடியில் இருந்த பெயரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பானாள்.

"இது நம்ம பியாட்ரிஸக்கா தூக்காச்சே. ரெண்டு வருஷமா ஆளையே காணோம், சனிக்கிழமை களி இப்போ வேற எங்க வாங்குறாங்க?"