ஒன்பது பேருக்கு ஒரே மேசை

"ரிசர்வா?" ஹோட்டல் முதலாளி செல்வமணி கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "ரயில்வே ஸ்டேஷன் அந்தப் பக்கம்லா இருக்கு? இது சாப்பாட்டுக் கடை அண்ணாச்சி."

"ரயிலுக்கு இல்ல. மத்தியானச் சாப்பாட்டுக்கு. ஒம்பது பேரு. ஒரே மேசையில சேந்தாப்புல உக்காரணும்" என்றான் காளிராஜ்.

செல்வமணி கடைக்குள் கையை நீட்டிக் காட்டினார்.

ஆடித்தபசுத் திருவிழா நாள். சங்கரன்கோவில் ரத வீதியில் நடக்கிறவர்களின் கால் தரையில் படுகிறதா என்பதே சந்தேகம், அவ்வளவு கூட்டம். கடைக்குள் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவன் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாப்பிடுகிறவன் ரசத்துக்கு வந்துவிட்டானா, மோருக்கு வந்துவிட்டானா என்று தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தான். ஒரு தாயும் மகனும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, "ஏலே, அப்பளம் கேட்டு வாங்கு!" "வாங்கிட்டேன்மா!" என்று கடை அதிரப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு சீட்டு கெடச்சாலே இன்னைக்கு அம்மன் புண்ணியம். இதுல ஒம்பதா?" என்று கேட்டுவிட்டு செல்வமணி மீண்டும் கல்லாவுக்குள் குனிந்தார்.

காளிராஜ் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

அவன் சிவகிரி யூனியன் ஆபீசில் கிளார்க். மேலதிகாரி இருமினாலே எழுந்து நிற்கிற சுபாவம். ஆனால் இன்று அவன் பயந்தது எந்த அதிகாரிக்கும் அல்ல, மனைவி முத்துத்தாயின் இரண்டு அண்ணன்களுக்கு. மூத்தவர் கோமதிநாயகம், பம்பாயில் மில் வேலை. அடுத்தவர் மூக்காண்டி, ராயகிரியில் விவசாயம். கிணற்றில் யார் எப்போது தண்ணீர் இறைப்பது என்று ஆரம்பித்த சண்டையில் பேச்சை நிறுத்தியவர்கள், பல வருஷமாக நிறுத்தியே வைத்திருந்தார்கள். அம்மா செத்த வீட்டில்கூட ஒருவர் முன்வாசல் வழியாகவும் மற்றவர் புறவாசல் வழியாகவும்தான் வந்து போனார்கள்.

கோமதிநாயகம் இப்போது லீவில் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தார். முத்துத்தாய் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்து, அழுது, சாப்பிட மாட்டேன் என்று மிரட்டி, எல்லோரும் சேர்ந்து தபசுக்குப் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டுச் சேர்ந்து சாப்பிட்டுத் திரும்புவது என்று சம்மதம் வாங்கிவிட்டாள்.

"எங்கண்ணன்மாரு எதிரெதிரா உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டாப் போதும், பேசிருவாக" என்று காலையில் பஸ்ஸில் வரும்போது புருஷனிடம் கிசுகிசுத்தாள். "ஆளுக்கொரு மூலையில உக்காந்தா, எவனுக்கு முதல்ல எலை போட்டான்னு அதுல ஒரு சண்டை கெளம்பும். பெறவு செத்தாலும் சேர மாட்டாக. எடம் பிடிக்கது உங்க பொறுப்பு. இதுகூட உங்களால முடியலன்னா நான் என்ன செய்வேன்னே எனக்குத் தெரியாது."

அவள் என்ன செய்வாள் என்பது காளிராஜுக்கும் தெரியாது. அதுதான் பயம்.

கோயிலுக்குள் போனவர்கள் எந்த நேரமும் வந்துவிடுவார்கள். அவன் கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தயவு பண்ணுங்க. வாரது..." அவனுடைய நாக்கு அவனைக் கேட்காமலே மிச்சத்தைச் சொல்லியது. "வாரது பெரிய ஆபீசரு."

செல்வமணி நிமிர்ந்தார். "எந்த டிபார்ட்மெண்டு?"

காளிராஜுக்கு உலகத்தில் ஒரு டிபார்ட்மெண்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. தான் வேலை பார்க்கிற டிபார்ட்மெண்டே மறந்துபோயிருந்தது.

"அது... வெளிய சொல்லக்கூடாது."

சொல்லி முடித்த பிறகுதான், ஏதாவது ஒரு இலாகாவின் பெயரைச் சொல்லியிருந்தால் பொய் இவ்வளவு பெரிதாகியிருக்காது என்று உறைத்தது.

செல்வமணி எழுந்தே நின்றுவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார்.

"தங்கப்பழம்! உள் ஹால்ல ரெண்டு மேசையச் சேத்துப் போடு! ரகசிய ஆபீசர் வாராக!"

அந்த ரகசியம் தெரு வரைக்கும் கேட்டது.

சப்ளையர் தங்கப்பழம் நரைத்த தலையும் நனைந்த வேட்டியுமாக ஓடிவந்தார். "ஆபீசர் ஐயா எப்படி இருப்பாகன்னு அடையாளம் சொல்லிருங்க. முதல் எலையை அவுகளுக்குப் போட்டு, நல்லபடியாக் கவனிக்கணும்லா?"

காளிராஜ் கணக்குப் போட்டான். கோமதிநாயகம்தான் ஆபீசர் என்றால் மூக்காண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே ராயகிரிக்குப் பஸ் ஏறுவார். மூக்காண்டி என்றால் பம்பாய்க்காரர் இன்றைக்கே ரயிலேறிவிடுவார்.

"ரெண்டு பேரு இருக்காக. ரெண்டு பேருமே ஆபீசருதான்."

"ரெண்டா?"

"அண்ணன் தம்பி."

"ஒரே டிபார்ட்மெண்டா?"

"ஆமா. ஆனா அவரு இவரைப் பாக்க மாட்டாரு, இவரு அவருகிட்டப் பேச மாட்டாரு. டூட்டி அப்படி."

தங்கப்பழம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். அவருடைய தோள் குலுங்குவதைப் பார்த்ததும் காளிராஜுக்கு இன்னும் பயமாகிவிட்டது. வயதான மனுஷனை இப்படி நடுங்க வைத்துவிட்டோமே! சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன், இல்லாத அதிகாரி இரண்டு பேரை உண்டாக்கியிருக்கிறான். முதலில் மெமோ வரும். பிறகு சஸ்பெண்ட். அதற்குப் பிறகு பாளையங்கோட்டை ஜெயில்தான்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கல்லாப் பக்கம் திரும்பினான். அதற்குள் தெருவில் முத்துத்தாயின் முகம் தெரிந்தது. ஒரு அண்ணன் குடும்பம் தெருவின் இந்த ஓரம், இன்னொரு அண்ணன் குடும்பம் அந்த ஓரம், நடுவில் இவள் மகளைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறிச் சிரித்தபடி வந்தாள். அவனைப் பார்த்ததும், இடம் கிடைத்ததா என்று கண்ணால் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இனி எங்கே உண்மையைச் சொல்வது?

செல்வமணி வாசலுக்கே வந்து இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கும்பிடு போட்டார். "வாங்க ஐயா! வாங்க ஐயா!"

கோமதிநாயகம் காளிராஜின் வலது காதுக்குள் சொன்னார்: "பரவால்ல மாப்ள. பம்பாய்க்காரன்னதும் மரியாதை தெரியுதே."

மூக்காண்டி இடது காதுக்குள் சொன்னார்: "ராயகிரிக்காரன்னா இங்கன ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்யி, என்ன மாப்ள?"

உள் ஹாலில் மின்விசிறி சுற்றியது. சேர்த்துப் போட்ட மேசையில் ஒன்பது இலைகள். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் மின்விசிறியையும் மற்றவர் தரையையும் பார்த்தார்கள். ஹாலில் வேறு இரண்டு மேசைகள்தான். இடப்பக்கம் தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட ஒருவர் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலப்பக்கம் முறுக்கு மீசை வைத்த ஒருவரின் குடும்பம்.

"அவுகள்லாம் யாரு?" என்று காளிராஜ் தண்ணீர் ஊற்ற வந்த தங்கப்பழத்திடம் மெல்லக் கேட்டான்.

"கண்ணாடிக்காரரு ஜட்ஜு. மீசைக்காரரு போலீஸ் டி.எஸ்.பி."

காளிராஜின் கை இலைமேல் அப்படியே நின்றது. பிடித்துக்கொண்டு போக ஆள் வலப்பக்கம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல ஆள் இடப்பக்கம் இருக்கிறது.

கோமதிநாயகம் தம்ளரைத் தூக்கி மோந்து பார்த்தார். "ஏன்வே, இது எந்தக் கிணத்துத் தண்ணி?"

கிணறு என்றதும் மூக்காண்டியின் காது சிவந்தது. முத்துத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

"குழாய்த் தண்ணி மச்சான்! குழாய்!" என்று காளிராஜ் கத்தினான். டி.எஸ்.பி. திரும்பிப் பார்த்தார்.

இலையில் சோறு விழுந்ததும் மூக்காண்டி தன் பங்குக்கு ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிவிட்டுத் தங்கப்பழத்தைப் பார்த்தார். "பழைய அரிசின்னு வெளிய போர்டு தொங்குது. இது புது அரிசில்லா? எம்புட்டு மூடை வச்சிருக்கீரு? நடயும், குடோனைப் பாத்துட்டு வருவோம்."

எழுந்தே விட்டார். காளிராஜ் அவருடைய வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பதற்குள் இடப்பக்க மேசையில் சலசலப்பு. ஜட்ஜ் பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொண்டார். மனைவியையும் பிள்ளைகளையும் கையைக்கூடச் சரியாகக் கழுவவிடாமல் கிளப்பிக்கொண்டு போனவர், காளிராஜின் பக்கத்தில் வந்ததும் குனிந்தார்.

"நான் இங்க சாப்பிட்டது வெளிய தெரிய வேண்டாம்" என்று காதருகே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜட்ஜுக்குத் தெரிந்துவிட்டது! நாளைக்கு கேஸ் தன்னிடமே வந்தால், சாட்சியாக இருந்தவர் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இப்போதே விலகிப் போகிறார்.

டி.எஸ்.பி.யும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இவர்கள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். காளிராஜ் அப்பளத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். அவனுடைய மகள், "அப்பா, அப்பளத்துல என்ன தேடுத?" என்று கேட்டாள்.

தங்கப்பழம் இரண்டு கையிலும் வடையோடு வந்து, மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நொடியில் வைத்தார். பாயாசமும் அப்படியே. யாருக்கு முதலில் என்று சண்டை போட அண்ணனுக்கும் தம்பிக்கும் வழியே இல்லை. அதற்குப் பிறகு ரசம் வந்தது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிசைந்து வாயில் வைத்தார்கள். இரண்டு முகமும் ஒரே மாதிரிச் சுளித்தது.

"உப்பு..." என்றார் கோமதிநாயகம்.

"...இல்ல" என்றார் மூக்காண்டி.

கோமதிநாயகம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமென்று இல்லாமல் சொன்னார்: "அம்மா வைக்க ரசம் மாதிரியே இருக்கு."

மூக்காண்டி இன்னொரு வாய் அள்ளினார். "அவளுக்கு உப்பு போட்டமா இல்லையான்னு என்னைக்கு ஞாபகம் இருந்திருக்குண்ணே?"

அண்ணே என்று சொல்லிவிட்டோம் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது போலிருந்தது. கோமதிநாயகம் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாற, தன் இலையிலிருந்த வடையை எடுத்துத் தம்பியின் இலையில் போட்டார். "தின்னுல. மெலிஞ்சுல்லா போயிட்ட."

முத்துத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பல வருஷமாக அவள் காத்திருந்த அந்த நிமிஷத்தைக் காளிராஜ் சரியாகப் பார்க்கவே இல்லை. டி.எஸ்.பி. எழுந்து அவனை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

வந்தவர் நின்றார். மீசை துடித்தது. வலக்கை எச்சிலாக இருந்ததால் இடக்கையால் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். "உத்தரவு வாங்கிக்கிடுதேன் ஐயா" என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு வெளியே நடந்தார்.

நக்கல்தான். வாசலில் ஜீப் நிற்கும். பிள்ளைகள் பார்க்கும்படி பிடிக்க வேண்டாம் என்று மரியாதைக்காக வெளியே காத்திருக்கிறார்.

மோரை அவன் எப்படிக் குடித்தான் என்று அவனுக்கே தெரியாது. கல்லாவில் ஏதோ தள்ளுமுள்ளு கேட்டது. "எடுல கைய, நான் குடுக்கேன்!" "நீ விருந்தாளிண்ணே, நான்தான் குடுப்பேன்!" என்று அண்ணனும் தம்பியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். காளிராஜ் அங்கே போகவில்லை. கை கழுவும் குழாயடியில் தங்கப்பழத்தின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, உம்ம காலுல விழுதேன். அவுக ரெண்டு பேரும் ஆபீசரு இல்ல. ஒருத்தரு மில்லு, ஒருத்தரு வயக்காடு. நான் வெறும் கிளார்க்கு. குடும்பம் ஒண்ணா உக்காரணுமேன்னு பொய் சொல்லிட்டேன். அந்த டி.எஸ்.பி. வாசல்ல நிக்காரா?"

"எந்த டி.எஸ்.பி.?" தங்கப்பழம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவரு ராசபாளையத்துல பஞ்சு யாவாரம்லா பண்ணுதாரு. டி.எஸ்.பி.ங்கது உங்கள மாதிரி எடத்துக்காகச் சொன்ன பொய்யி."

"அப்ப ஜட்ஜு?"

"கழுகுமலையில ஜவுளிக்கடை. உங்க மச்சான் குடோனைப் பாக்கணும்னதும் நெசமாவே ரெய்டுன்னு நெனச்சுப் பாயாசத்தக்கூடக் குடிக்காம ஓடிட்டாரு, பாவம்."

காளிராஜ் குழாயைப் பிடித்துக்கொண்டான். "முதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? தபசுக்குத் தபசு இந்தக் கூத்துதான. 'வீட்டு ஆளுகளோட சேந்து உக்காரணும்னு இம்புட்டு நடுங்கிக்கிட்டுப் பொய் சொல்லுதானே, அவனுக்கு இல்லாத மேசை யாருக்குடே?' அப்டிம்பாரு. உள் ஹால இன்னைக்கு ஒதுக்கி வச்சிருக்கதே அதுக்குத்தான்."

காளிராஜ் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டான். நிமிர்ந்ததும் ஒரு சந்தேகம் வந்தது.

"அப்ப நெசமான ஆபீசரு யாருமே இன்னைக்கு வரலியா?"

"வராம என்ன? ஒருத்தரு குடும்பத்தோட வந்து அடையாள அட்டையே எடுத்துக் காட்டுனாரு. 'உள்ள பூரா ஆபீசருக நெறஞ்சு கெடக்காக, நீரு வரிசையில நில்லும்'னு முதலாளி அவரை வெயில்ல நிறுத்திட்டாரு!"