பாலத்தில் வைத்த துளசி

குறிப்பு எழுதி வைப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்வது ஒரு வியாதி. இருபத்தாறு வயதில் எனக்கு அது முற்றியிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். தென்னூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால், வாய்க்காலின் மேல், ரயில் ஓடாத ஓர் இரும்புப் பாலம் கிடந்தது. அதைப் பிரித்து இரும்பை விற்கப்போவதாகச் செய்தி வந்தது. நகராட்சி கேட்டு வாங்கி, செடிகள் வைத்து, மக்கள் நடந்துபோகும் பூங்காவாக்கலாமே என்று பதினொரு பக்கம் மனு எழுதினேன். (அதில் ஒன்பது பக்கம் பாலத்தின் வரலாறு.) ஆடிக் கடைசியில் அதிகாரி பார்க்க வருவதாகப் பதில் வந்தது. அவர் வேண்டாம் என்றால் பாலம் போய்விடும்.

மாதிரிக்கு ரோஜாத் தொட்டிகள் வைத்தேன். ஆடுகள் தின்றன.

"ஆடு வாய் வைக்காததா வைங்களேன்" என்றாள் என் மனைவி மங்களம்.

அரளியும், நடுவில் பெரிய தொட்டியில் துளசியும் வைத்தேன். ஆடுகள் தோற்றன. அடுத்த வெள்ளிக்கிழமை துளசிக்கு மஞ்சள் குங்குமம் வந்தது. அதற்கடுத்த வெள்ளி, விளக்கு. தெருப் பெண்கள் தண்ணீர் ஊற்றிச் சுற்றி வந்தார்கள். நானோ டைரியில், "பூங்காவுக்கு இன்று வந்தோர் நாற்பத்தொருவர்" என்று குறித்துப் பூரித்தேன்.

அதிகாரி உச்சி வெயிலில் பூட்ஸ் காலோடு வந்தார். பூக்காரப் பாப்பாத்தியம்மா குறுக்கே நின்றார்.

"சார், பூட்ஸ அங்கயே விட்டுட்டு வாங்க. துளசியம்மா இருக்காங்கல்ல?"

"இது பூங்காம்மா!" என்று பதறினேன்.

"நீங்க என்ன வேணா சொல்லிக்குங்க சார். செருப்போட இங்க யாரும் ஏறுறதில்ல."

அதிகாரி மனுவைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். வெறுங்கால். என் செருப்பு பாலத்தின் முனையில், மற்ற செருப்புகளோடு ஒழுங்காகக் கிடந்தது. எப்போது கழற்றினேன் என்று இன்றுவரை தெரியாது. (டைரியிலும் இல்லை.) பார்த்த பிறகுதான் இரும்பு சுட்டது.

"நீங்களே கழட்டிட்டுத்தானே நிக்கிறீங்க?" என்றார் அவர். "பூங்கான்னு நான் எப்படிங்க எழுதுறது?"

எழுதவில்லை. பாலத்தைப் பிரித்தார்கள். அதற்கு முன்பே பெண்கள் துளசித் தொட்டியைக் கரைக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். பதினொரு பக்கத்தில் ஒரு பக்கமாவது அவர்களைக் கேட்டு எழுதியிருக்கலாம் என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது. பாலத்துக்கு எத்தனை வயது என்று தெரிந்துவைத்திருந்தேன். அதில் யார் நடப்பார்கள், எப்படி நடப்பார்கள் என்று கேட்கவே இல்லை.

இன்றும் எந்தப் பூங்காவுக்குப் போனாலும், வாசலில் மங்களம் என் கையைப் பிடித்து நிறுத்துவாள். எங்கள் பிள்ளைகள் அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

"இது நிஜப் பூங்காதாங்க. போட்டுக்கிட்டே வாங்க."