சீன மலையில் என் மூன்று விரல்

கோபம் வந்தால் சிலர் தண்ணீர் குடிப்பார்கள். சிலர் கதவை அறைந்து சாத்துவார்கள். நான் "முருகா!" என்று திருநீற்றை அள்ளி, மூன்று விரலால் நெற்றியில் இழுப்பேன். எங்கள் ஹோம்புஷ் ஃபிளாட்டில் குசினியில் ஒன்று, ஹோலில் ஒன்று, காருக்குள் ஒன்று என்று திருநீற்றுப் பேணி இருப்பதைப் பார்ப்பவர்கள் என்னைப் பெரிய பக்தை என்று நினைப்பார்கள். பக்தியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவ்வளவு கோபம்.

அந்தப் பழக்கம்தான் என் வேலைக்கு உலை வைத்தது. யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தவளுக்கு இந்த நாட்டில் எட்டு மாதம் அலைந்து கிடைத்த வேலை, ஓவியக் கூடத்தில் காவல். மூன்று மாதம் பரீட்சார்த்தம், பிறகு நிரந்தரம். அந்த 'நிரந்தரம்' என்ற சொல்லுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நான் காவல் காத்தது ஒரு மலைத்தொடர். பழைய சீன ஓவியங்களில் மலைகளை மையால் வரைந்து, பனிக்கும் ஆற்றுக்கும் தாளை வெறுமையாக விட்டுவிடுவார்களாம். மெய் என்ற ஓவியர் அதைப் புதிதாகச் செய்கிறேன் என்று, மைக்குப் பதிலாக வருடக்கணக்காகச் சேர்த்த ஊதுபத்திச் சாம்பலை நீளமான கறுப்பு மேசையில் மலை மலையாகத் தூவி வைத்திருந்தார். பசை கிடையாது, கண்ணாடி கிடையாது. தும்மினால் ஒரு சிகரம் போய்விடும். அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளைச் சாம்பல், ஊதுபத்தி வாசம், அதுவும் என் கைக்கு எட்டும் உயரத்தில்! காவலுக்கு ஒரு தமிழச்சியை நிறுத்துகிறோமே என்று ஒரு மனிதராவது யோசித்தாரா?

அன்று சனிக்கிழமை, சரியான கூட்டம். ஒருவன் கோப்பிக் கோப்பையைக் கொண்டுவந்து நேராக அந்த மேசையில் வைத்தான். "கண் என்ன பிடரியிலா இருக்கு?" என்று வகுப்பில் கத்துவதை அப்படியே ஆங்கிலத்தில் கத்தினேன். (வசனம் விளங்கியிருக்காது. தொனி விளங்கியிருக்கும்.) அவன் போய்ப் புகார் கொடுத்துவிட்டான். மேற்பார்வையாளர் டேவிட் வந்து, கொஞ்சம் சிரித்தபடி பேசிப் பழகுங்கள், இன்னொரு புகார் வந்தால் யோசிக்க வேண்டியிருக்கும் என்று சிரித்தபடியே சொல்லிவிட்டுப் போனார்.

கோப்பி வைத்தவனுக்கு மன்னிப்பு, எனக்கு எச்சரிக்கை! உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. "முருகா!" என்றேன். கை தானாகப் போனது. நடு மலையில் மூன்று விரலையும் வைத்து இழுத்து, நெற்றி நிறையப் பூசி, மிச்சத்தை வாயிலும் போட்டுக்கொண்டேன். நாக்கு கசந்த பிறகுதான் மூளை வேலை செய்தது.

அதோடு முடிந்திருந்தாலும் எப்படியாவது சமாளித்திருப்பேன். பக்கத்தில் அங்கிளோடு நின்ற, சேலை கட்டிய ஒரு அன்ரி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார்.

"பிள்ளை, எனக்கும் கொஞ்சம் தாங்கோ. இவருக்கு முழங்கால் நோகுது."

"அன்ரி, இது கோயில் இல்லை!"

"அப்ப நீங்கள் ஏன் பூசினனீங்கள்?"

கை நீட்டிய பெரியவருக்கு இல்லையென்று சொல்ல எனக்கு வராது. மலை அடிவாரத்தில் ஒரு சிட்டிகை எடுத்துக் கொடுத்தேன். அங்கிள் அந்த இடத்திலேயே கால்சட்டையைச் சுருட்டி முழங்காலில் தேய்த்தார்.

திரும்பினால் மெய்யும் டேவிட்டும் நிற்கிறார்கள். மெய் என் நெற்றியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், அங்கிளின் முழங்காலைப் பார்த்தார். தொட வேண்டாம் என்று சொல்லத்தானே உங்களுக்குச் சம்பளம் என்று கேட்ட டேவிட், முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன்.

வீட்டில் கதவைத் திறந்த என் மனுசன் என் நெற்றியைப் பார்த்தார்.

"என்னப்பா, வேலை முடிஞ்சு கோயிலுக்குப் போட்டு வாறீரோ?"

"ஓம், வேலை முடிஞ்சுது!" என்று கத்தினேன். பிறகு அழுதேன்.

சில மாதம் கழித்து அந்தக் கண்காட்சி மெல்பேர்னுக்குப் போனது. அங்கே டார்னெய்ட்டில் இருக்கும் என் மச்சாள் போய்ப் பார்த்துவிட்டு ஃபோன் எடுத்தாள்.

"மலையைத் திரும்பத் தூவேக்க உங்கட மூண்டு கோட்டையும் அப்பிடியே போட்டிருக்கினம் மச்சாள்! அது அருவியாம். சனம் எல்லாம் அதைத்தான் படம் எடுக்குது. ஒருத்தரும் தொடக்கூடாதெண்டு பக்கத்தில ஒரு பொம்பிளையையும் காவலுக்கு விட்டிருக்கினம்."

இன்றைக்கும் வீட்டுக்கு வரும் ஆட்களிடம் என் மனுசன் என்னைக் காட்டி, "இவ சீன ஓவியர்" என்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தப் பொம்பிளைக்கு வேலை நிரந்தரமாம். அதையும் மச்சாள் விசாரித்துச் சொன்னாள்.