எனக்கு வந்த ஆம்பிளை வருத்தம்

ஆண்களுக்கு மட்டுமே வரும் ஒரு நோய், ஒரு வருத்தம், என் உடம்பில் கால் மணி நேரம் இருந்தது. பொய்யே பேசாதவள் என்று ஊரெல்லாம் பெருமையடிக்கிறவள் நான். அந்தக் கால் மணி நேரத்தை மட்டும் அல்லாஹ் மன்னிக்கட்டும்.

என் கணவர் எங்கள் ஊர் எத்தாளைப் பள்ளிவாசலில் முன்வரிசையை விடாதவர். திடீரென்று கடைசி வரிசைக்கு, வாசலோரத்துக்கு வந்துவிட்டார். கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு நின்றால் பாதித் தொழுகையில் சிறுநீர் முட்டிக்கொண்டு வரும். ஓடினால் சொட்டுச் சொட்டாக எரிச்சலோடு போகும். மலசலகூடத்தில் குந்தினாலும் முக்கல்தான், வேறொன்றும் வராது. கடைசியில் பள்ளிக்கே போகாமல் முகம் வாடி வீட்டில் இருந்தார். உடம்புச் சூடு என்று நினைத்து நான் இளநீராகக் கொடுத்தேன். (பாவம் மனிதர், ஓடி ஓடிச் செருப்புத் தேய்ந்தது.) குளிர்காய்ச்சலும் வந்தபின் பயந்துபோய்ப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

உள்ளே எங்கள் மகள் வயதில் ஒரு லேடி டொக்டர். கண்டதும் இவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"வா, போவம். பொம்புளப் புள்ளக்கிட்ட இதக் கதைக்க ஏலா."

"பேசாம இரிங்க."

அவர் மானமும் போகக் கூடாது, மருந்தும் கிடைக்க வேண்டும். நோயாளியின் கதிரையில் நானே உட்கார்ந்தேன். எரிச்சல், சொட்டு, முக்கல், காய்ச்சல் எல்லாம் எனக்கே என்று சொன்னேன். (நடுவில் முனகியும் காட்டினேன்.)

"எங்க நோகுது, உம்மா?"

அவர் வீட்டில் சொன்னதை அப்படியே ஒப்புவித்தேன். "விதைக்குப் பின்னால, மகள்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்கு வருத்தம்?"

"எனக்குத்தான்."

"அப்ப உங்களுக்கு வார்டில வெச்சு ஊசி போடணுமே?"

"போடுங்க" என்று கையை நீட்டினேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

இவர் எழும்பி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் டொக்டர். அவ ஊசிக்குச் சரியான பயம். வருத்தம் எனக்கு."

பிறகு இவரே ஒன்று விடாமல் சொன்னார். டொக்டர் பார்த்துவிட்டுச் சொன்னது: புரொஸ்டேட் என்று ஆண்களுக்கு மட்டும் ஒரு சுரப்பி இருக்கிறதாம், அது அழன்று வீங்கியிருக்கிறதாம். சில நாள் ஊசி, பிறகு ஒரு மாதம் போல, நாலு கிழமை குளிசை விழுங்கினார். சுகமானார்.

அதிலிருந்து அவருக்கு எந்த வருத்தம் வந்தாலும் என் பெயரில்தான் வருகிறது. பிள்ளைகள் சிரித்துச் சாகிறார்கள். நேற்றும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"கேட்டியா, ஒனக்குப் பல்லு நோகுது. டொக்டர்கிட்ட போவமா?"

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.