உன் தாத்தா யாரையும் கடிக்கல

சிரஞ்சீவி பேரன் விநாயக்குக்கு, ஊரிகம் தங்கச் சுரங்க லைன் வீட்டிலிருந்து உன் ஆயா மங்கம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் முட்டி வலியும் சௌக்கியம். பெங்களூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னு மாரியாத்தாளை வேண்டிக்கிறேன். இனி திட்டு.

நீ போன்ல எழுதுற ஜோம்பி கதையை பக்கத்து வீட்டு ஷில்பா படிச்சுக் காட்டினா. இன்னாடா எழுதி வச்சிருக்கே? உன் தாத்தா சுரங்கத்துல பாறை வெடிச்சு செத்தாராம், மூணாம் நாள் ஆளை ஏத்தி இறக்குற கேஜ்ல தானா ஏறி வந்தாராம், லைன்ல இருக்கிறவங்களைக் கடிச்சு மூளையைத் தின்னாராம், கடிபட்டவங்க எல்லாம் ஜோம்பி ஆயிட்டாங்களாம். அந்த மனுசன் தட்டுல ஆட்டு மூளை வச்சாலே எழுந்து ஓடுவாரு! நடந்ததைச் சொல்றேன் கேளு. சுரங்கத்துல இறங்கும்போது ஒரு டோக்கன் குடுப்பாங்க, ஷிப்ட் முடிஞ்சு மேல வந்ததும் திருப்பித் தரணும். இவரு மறந்து பாக்கெட்ல போட்டுக்கிட்டு நேரா ராபர்ட்சன்பேட்டைக்கு சினிமா பார்க்கப் போயிட்டாரு. அப்புறம்தான் கீழ பாறை வெடிச்சுது. டோக்கன் வரல, ஆள் உள்ள மாட்டிக்கிச்சுன்னு லைன் பூரா சேதி. நான் வாசல்ல விழுந்து அழறேன், எதிர்வீட்டு ரத்தினம்மா இருக்காளே, பொணம்கூட வரல, அதுக்குள்ள ஓடியாந்து என் புது கண்ணாடி வளையலையெல்லாம் படார் படார்னு ஒடச்சிட்டா! பச்சை வளையல்டா, ஆசையா போட்டது. அந்நேரம் பார்த்து இவரு வேர்க்கடலை மென்னுகிட்டே வந்து, "யாரு செத்தது?"ன்னு கேட்டாரு. "ஐயோ பேய்!"னு ரத்தினம்மா சாஞ்சா. நான் தொடப்பத்தை எடுத்தேன். அன்னைக்கு லைன்ல யாரும் கடி வாங்கல, அடி வாங்கினது ஒருத்தர்தான். அப்புறம் பென்சன் வாங்கி, வயசாகி, கட்டில்ல படுத்துதான் போய்ச் சேர்ந்தாரு.

இப்ப அதே ரத்தினம்மா, "ஆமாம், நானே கண்ணால பார்த்தேன், வெள்ளை முழியா வந்தாரு"ன்னு குழாயடியில சொல்றா. வளையல் ஒடச்சதை மட்டும் சொல்ல மாட்டேங்கிறா! அவகிட்ட கேட்டவங்க போய் இன்னொருத்தர்கிட்ட சொல்றாங்க. உன் ஜோம்பி கடிக்குதோ இல்லையோ, உன் கதை கடிக்குதுடா. கடிபட்டவங்க வாயெல்லாம் அதே கதைதான், நிஜம்தான் செத்துக் கிடக்குது. ஞாயித்துக்கிழமை பங்காருபேட்டையில இருந்து உன் தங்கச்சி நளினியைப் பொண்ணு பார்க்க வராங்க. பேய் வீட்டுல யாருடா பொண்ணு எடுப்பாங்க? அந்தப் புள்ளை சோறு திங்காம அழுவுது. அதுக்குள்ள, தாத்தா போனது சினிமாவுக்கு, வளையல் ஒடச்சது ரத்தினம்மான்னு மாத்தி எழுதிடு. பேரைப் போட்டே எழுது.

மாரியாத்தா உன் கைக்குப் பலத்தையும் வாய்க்கு நிஜத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
ஆயா மங்கம்மா

பின்குறிப்பு: இதைத் தபால்ல போடறதுக்குள்ள ஞாயித்துக்கிழமை வந்துட்டுது. ஒரு எழுத்தையும் மாத்தாதே! மாப்பிள்ளைப் பையன் உன் கதையை ஒண்ணு விடாம படிச்சவனாம். காபியைக்கூடத் தொடாம, "பாட்டி, தாத்தா கடிச்ச இடம் எது?"ன்னு கேட்டான். நளினியைப் பார்த்தேன், சிரிச்சிக்கிட்டு நிக்குது. பெருச்சாளி கடிச்ச கதவு மூலையைக் காட்டிட்டேன். தொட்டுக் கும்பிட்டான்டா! தட்டு மாத்த நாள் பார்க்கச் சொல்லிட்டாங்க. உன் கதை என்னையும் கடிச்சிட்டுது. அடுத்த பாகத்துல ரத்தினம்மாவை மட்டும் தாத்தா கடிக்கிற மாதிரி எழுது. வளையல் போட்ட கையில.