மீன்கள் மட்டும் பார்க்கும் சுவர்

அடுத்தவன் ஃபியோர்டைப் பார்த்து வாய் தவறியும் 'ஆகா' சொல்வதில்லை என்று நான் முடிவெடுத்து முப்பது வருடம் ஆகிறது. அதை ஒரு நாள்கூட மீறியதில்லை. மீறச் சந்தர்ப்பமும் வந்ததில்லை, ஏனென்றால் நான் அடுத்தவன் ஃபியோர்டுக்குப் போனதே இல்லை.

நார்வேயில் பிறந்தவன் தன்னைப் பற்றிப் பெருமை பேசக் கூடாது. பேசினால் ஊரே முகத்தைச் சுளிக்கும். நானும் பேசமாட்டேன். எங்கள் ஃபியோர்டைப் பற்றி மட்டும்தான் பேசுவேன். மலையைப் பிளந்துகொண்டு உள்ளே வந்த கடல், திரும்பிப் போக மனமில்லாமல் தங்கிவிட்ட இடம் அது. அதன் கரையில், ஆப்பிள் தோட்டத்துக்கு நடுவில், இருப்பதிலேயே நல்ல இடத்தில் வீடு கட்டியிருப்பது யார் என்று யாராவது கேட்டால் 'ஹால்வார்' என்று சொல்லவேண்டி வருகிறது. கேட்டபிறகு பொய் சொல்ல முடியுமா?

நாங்கள் வெயில்கரைக்காரர்கள். எதிரில் இருப்பது நிழல்கரை. குளிர்காலத்தில் மூன்று மாதம் அவர்களுக்கு வெயிலே கிடையாது. எங்கள் கரையில் அடிக்கும் வெயிலை அங்கிருந்து வேடிக்கை பார்ப்பார்கள். இனாமாகப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஆனால் அந்தக் கரைக்கு நான் போனதில்லை. வெயிலில் இருப்பவனுக்கு நிழல்கரையில் என்ன வேலை?

இனி வீட்டு விஷயம். அந்தக் காலத்தில் வெள்ளை பெயின்ட் விலை அதிகம், சிவப்பு மலிவு. ஆகவே சாலையைப் பார்த்த பக்கம் வெள்ளை, பின்பக்கம் சிவப்பு என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நான் வழக்கத்தை மதிப்பவன். முன்பக்கத்தை மூன்று வருடத்துக்கு ஒருமுறை பால்போல அடித்துவிடுவேன். தண்ணீரைப் பார்த்த பின்சுவரை அடித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

என் மனைவி துரிட்டுக்கு அதுதான் குறை.

"ஹால்வார், பின்சுவர் உரிஞ்சு தொங்குது."

"யாரு பாக்கப் போறா?"

"ஏன், எதிர்க்கரைல மனுஷங்க இல்லையா?"

"இருக்காங்களா என்ன? நிழல்ல சரியாத் தெரியல."

"பலகை உளுத்துப் போகும்."

"அது மீனுங்க பாக்கற சுவர், துரிட். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு மீனும் புகார் குடுக்கல."

இந்த உரையாடல் வருடாவருடம் ஜூன் மாதத்தில் நடக்கும். ஏனென்றால் ஜூலையில் நாடே மூன்று வாரம் வேலையை மூட்டைகட்டி வைத்துவிட்டு விடுமுறையில் போகும். அந்த மூன்று வாரமும் நான் படகில் இருப்பேன். தூண்டில், காப்பி, கானாங்கெளுத்தி மீன், அமைதி. வருடத்தின் மற்ற நாற்பத்தொன்பது வாரத்தையும் நான் சகித்துக்கொள்வது இந்த மூன்றுக்காகத்தான். அதைச் சுரண்டிக்கும் பிரஷ்ஷுக்கும் தாரை வார்க்க நான் என்ன பைத்தியமா?

இந்த ஜூனில் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைந்தது.

"எங்கயாவது கூட்டிட்டுப் போ" என்றாள் துரிட்.

"எங்க போகணும்?"

"பக்கத்து ஃபியோர்டுக்கு."

கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது. "உலகமே கப்பல்ல ஏறி நம்ம ஃபியோர்டைப் பாக்க வருது. நீ பக்கத்து ஃபியோர்டுக்குப் போகணும்ங்கற!"

"பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்?"

"அது நம்மளதைவிட அழகா இருந்து, நீ பாராட்டித் தொலைச்சிருவியோன்னு."

"நானா? பாராட்டறதா?"

"அப்ப பந்தயம். ஒரு நாள் முழுக்க நான் காட்டற இடத்தையெல்லாம் பாரு. ஒரே ஒரு நல்ல வார்த்தை சொன்னாலும் ஜூலை மூணு வாரமும் நீ ஏணி மேல. சொல்லாம வந்துட்டா, சாகற வரைக்கும் பெயின்ட்ங்கற பேச்சை நான் எடுக்கமாட்டேன்."

இருபத்தைந்து வருடத்தில் இப்படி ஒரு லாபமான வியாபாரம் எனக்குப் படிந்ததில்லை. அவள் கையைப் பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். துரிட்தான் காரை ஓட்டினாள். மழையும் மூடுபனியும் மாறி மாறி வந்தன. என் பக்கம் இயற்கையே நிற்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

முதலில் ஓர் அருவி. முந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. நாலு பஸ் நிறைய ஆட்கள் நனைந்துகொண்டே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்றாள் துரிட்.

"குழாய் ஒழுகுது. யாராவது வந்து மூடினா தேவலை."

அடுத்து ஒரு பனிமலை. "போன வருஷத்து அழுக்குப் பனி." அடுத்து ஒரு பச்சைத் தண்ணீர் வளைவு. "பாசி." அடுத்து மரத்தாலான பழைய தேவாலயம். எண்ணூறு வயதாம். "வயசாச்சுன்னு பாத்தாலே தெரியுது."

உண்மையைச் சொல்கிறேன், அந்த வளைவைப் பார்த்தபோது தொண்டைவரை ஏதோ வந்தது. பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டித் துண்டை வாயில் திணித்து அதை உள்ளே தள்ளினேன். மத்தியானத்துக்குள் ஏழு ரொட்டி தீர்ந்துவிட்டது.

"கடைசியா ஒரே ஒரு இடம்" என்றாள் துரிட். "சுரங்கப்பாதையைத் தாண்டினா வரும்."

அவர்களுடைய சுரங்கப்பாதையைக்கூடப் பார்ப்பதில்லை என்று தொப்பியை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டேன். மலையின் வயிற்றுக்குள் இருக்கும் ரவுண்டானாவில் கார் ஒரு சுற்று சுற்றியது. பிறகு இன்னொரு சுற்று.

"என்ன சுத்திக்கிட்டே இருக்க?"

"வழி பாக்கறேன். நீ தூங்கு."

தூங்கினேன். ஜெயிக்கப் போகிறவனுக்கு வரும் தூக்கம் தனி ரகம்.

எழுப்பியபோது கார் ஓர் உயரமான மலைச்சரிவில் நின்றிருந்தது. இரும்புக் கிராதி, நீளமான மரப் பெஞ்சு. பெஞ்சில் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெரியவர் பைனாகுலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் பெயர் ஓஸ்முன் என்றும், ஆடு வளர்ப்பதாகவும், ஞாயிறுதோறும் வருவதாகவும் சொன்னார். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி. துரிட் பிளாஸ்கைத் திறந்து எங்கள் மூன்று பேருக்கும் காப்பி ஊற்றினாள்.

அப்போது மூடுபனி ஓர் இடத்தில் மட்டும் விலகியது. தூரத்துக் கரையில் ஒரே ஒரு துண்டு நிலம் வெயிலில் தெரிந்தது. பச்சைச் சரிவு, வரிசை வரிசையாகப் பழமரம். நடுவில் ஒரு வீடு. அந்த வீட்டுச் சுவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"துரிட்! பாரு இந்த அசிங்கத்தை! சொறி பிடிச்ச மாடு மாதிரி ஒரு சுவர்!"

"அப்படியா? எங்க?" என்றாள் அவள். கண்ணைச் சுருக்கிக்கூடப் பார்த்தாள்.

"பத்துக் கரையைத் தேடினாலும் இப்படி ஒரு சோம்பேறி கிடைக்கமாட்டான். முன்பக்கம் மட்டும் பளபளன்னு வெச்சிருப்பான், பந்தயம் கட்டறேன்."

ஓஸ்முன் காப்பியை உறிஞ்சினார். "எங்களுக்கு இது பழகிப்போச்சுங்க. பொண்டாட்டிதான் இன்னும் ஜன்னல் திரையை எடுக்க மாட்டேங்கறா."

"உங்க நிலைமையை நினைச்சாப் பாவமா இருக்கு" என்றேன். "சொல்லிப் பாத்தீங்களா?"

"அக்கம்பக்கத்து வீட்டு விஷயம். எப்படிங்க சொல்றது? இங்க வர்ற டூரிஸ்ட் பஸ் எல்லாம் இந்த இடத்துலதான் நிக்குது. எல்லார் போட்டோலயும் நடுவுல அந்தச் சுவர்தான்."

"அநியாயம்! அவனைப் பிடிச்சு மூணு வாரம் ஏணியில ஏத்தி விடணும். இறங்கவே விடக் கூடாது. அவன் பொண்டாட்டி எப்படித்தான் குடித்தனம் பண்றாளோ!"

"கஷ்டப்பட்டுத்தான்" என்றாள் துரிட்.

"பைனாகுலர்ல பாக்கறீங்களா?" என்று நீட்டினார் ஓஸ்முன்.

பார்த்தேன். உரிந்த பலகை தெரிந்தது. ஓட்டில் பாசி தெரிந்தது. கொடியில் ஒரு கம்பளி உள்டிராயர் காய்ந்துகொண்டிருந்தது. முழங்காலில் பச்சைத் துணியில் ஓர் ஒட்டு. நேற்று இரண்டு மீன் பிடித்துக்கொண்டு வந்தபோது அந்த ஒட்டு என் முழங்காலில்தான் இருந்தது.

படகிலிருந்து தினமும் பார்த்திருப்பாயே, உன் வீடு உனக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். மீன் பிடிக்கிறவன் தண்ணீரைத்தான் பார்ப்பான். வீட்டைப் பார்த்தால் வீடு கூப்பிட்டுவிடும். அதுவும் இவ்வளவு உயரத்திலிருந்து, நிழல்கரையிலிருந்து, நான் என் கரையைப் பார்த்ததே இல்லை.

மூடுபனி முழுவதும் விலகியது. எங்கள் ஃபியோர்டு கண்ணுக்கெட்டியவரை நீலமாக விரிந்தது. எங்கள் சரிவு, எங்கள் தேவாலயம், என் படகு, என் ஆப்பிள் மரங்கள். எல்லாவற்றின் மேலும் வெயில். ஐம்பத்தாறு வருடமாக நான் அளந்தது துளியும் பொய்யில்லை. உலகத்தில் இதற்கு இணையான இடம் கிடையாது. அதன் நட்டநடுவில், ஜெர்மனியிலும் ஜப்பானிலும் எத்தனையோ பேர் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கும் என் சுவர்.

காரில் ஏறியபின் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"அது நம்ம ஃபியோர்டு. பக்கத்து ஃபியோர்டு இல்ல."

"நான் காட்டற இடம்னுதானே பேச்சு?"

"எப்படியானாலும் நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லல."

"சத்தியமா சொல்லல. பந்தயத்துல நீதான் ஜெயிச்ச, ஹால்வார். இனிமே அந்தப் பேச்சை நான் எடுக்கவே மாட்டேன்."

வீடுவரைக்கும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். சொன்ன சொல்லையும் காப்பாற்றினாள். மறுநாள் எடுக்கவில்லை, அடுத்த வாரமும் எடுக்கவில்லை. ஆனால் பின்பக்கம் போகும்போதெல்லாம் என் முதுகில் எதிர்க்கரை மொத்தமும் கண்ணாய் முளைத்தது. படகில் உட்கார்ந்தால் மேலே ஒரு பஸ் நிற்பது தெரிந்தது. பஸ் நின்றால் நாற்பது பேர். நாற்பது பேர் கையிலும் கேமரா. ஜூலை இரண்டாம் தேதி நானாகவே, யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல், ஏணியைச் சாத்தினேன். சுயமரியாதை உள்ளவன் ஒருவன் இப்படித்தான் செய்வான்.

பத்தாம் நாள் உச்சிப் படியில் நின்று கடைசிப் பலகையை முடித்து, பிரஷ்ஷைக் கீழே போட்டேன். சட்டைப்பையில் போன் அடித்தது. ஓஸ்முன்.

"வணக்கமுங்க. உங்க சம்சாரம் இங்கதான் பெஞ்சுல பைனாகுலரோட உக்காந்திருக்காங்க. பேச மாட்டாங்களாம், உங்களுக்கு வாக்குக் குடுத்திருக்காங்களாம். அதனால நான் சொல்றேன். ஜன்னலுக்கு இடப்பக்கம் ஒரு சாண் விட்டுப்போச்சு."